வாங்காமல் விட்ட தபாலும் வந்து சேர்ந்ததுதான்

வக்கீல் நோட்டீஸ் வரப்போகிறது என்று தெரிந்ததும் நம் ஊரில் எல்லோரும் சொல்லும் யோசனை ஒன்றுதான். "வாங்காத. வாங்கினாத்தானே பிரச்சினை? திருப்பி அனுப்பிடு." டீக்கடையிலும் இதையே சொல்கிறார்கள், கல்யாண வீட்டிலும் இதையே சொல்கிறார்கள். நன்றாகப் படித்து நல்ல வேலையில் இருப்பவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். வக்கீல் ஆபீஸில் குமாஸ்தாவாக இருக்கும் எனக்கு இதைக் கேட்கும்போதெல்லாம் மனசு பதறும். அந்த யோசனைப்படி நடந்தவர்கள் சில மாதம் கழித்துக் கையில் கோர்ட் சம்மனோடு எங்கள் ஆபீஸ் பெஞ்சில் வந்து உட்கார்வதைப் பார்க்கிறேன். "எனக்கு நோட்டீஸே வரலைங்க" என்று சொல்வார்கள். எதிர்த்தரப்பு கொடுத்த ஆவணக் கட்டைப் பிரித்தால் திரும்பி வந்த அந்தக் கவரே உள்ளே இருக்கும். அதன் மேல் தபால்காரர் கையெழுத்தில் 'வாங்க மறுத்தார்' என்று தேதியோடு எழுதியிருக்கும். இவர் வேண்டாம் என்று தள்ளிய காகிதம் இவருக்கே எதிரான சான்றாக வந்து நிற்கிறது.

பதிவுத் தபாலில் போடுகிற கையெழுத்துக்கு ஒரே ஒரு பொருள்தான்: இந்தக் கவர் இந்தத் தேதியில் என் கைக்கு வந்தது. உள்ளே எழுதியிருப்பது உண்மை என்றோ, கடனை ஒப்புக்கொண்டேன் என்றோ, வீட்டைக் காலி செய்யச் சம்மதம் என்றோ அதற்கு அர்த்தம் கிடையாது. நோட்டீஸ் கோர்ட் உத்தரவும் இல்லை. ஒருவர் தன் வக்கீல் மூலமாக, "என் தரப்பு இது, இதற்குள் இதைச் செய்யுங்கள், இல்லையென்றால் கோர்ட்டுக்குப் போவேன்" என்று முன்கூட்டியே சொல்லும் கடிதம், அவ்வளவுதான். பல சட்டங்களில் அந்தக் கடிதத்துக்காகக் கொடுக்கும் கால அவகாசம், வாங்குகிறவரின் நன்மைக்காகவே வைக்கப்பட்டது. அதை வாங்காமல் விடுகிறவர் தனக்குக் கிடைத்த அவகாசத்தைத்தான் கைவிடுகிறார்.

கவர் நம் வீட்டு வாசலுக்கு எப்படி வருகிறது என்று தெரிந்தால் இந்த விஷயம் இன்னும் தெளிவாகும். தபால் ஆபீஸ் கவுண்டரில் கவரைத் தராசில் வைத்து எடை பார்க்கிறார்கள், பின்கோடு அடிக்கிறார்கள், பார்கோடு ஒட்டுகிறார்கள். பார்கோடுக்குக் கீழே முதலில் இரண்டு ஆங்கில எழுத்துகள், பிறகு ஒன்பது எண்கள், கடைசியில் இந்தியாவைக் குறிக்கும் 'ஐ.என்.' என்று மொத்தம் 13 இருக்கும். உள்நாட்டுப் பதிவுத் தபால் தனியாக இருந்தவரை அது 'ஆர்' என்ற எழுத்தில் ஆரம்பித்தது, ஸ்பீட் போஸ்ட் என்றால் 'ஈ'. உலக அஞ்சல் ஒன்றியம் எல்லா நாடுகளுக்கும் வகுத்த ஒரே முறை இது. அந்த ஒன்பது எண்களில் கடைசி எண், முன்னால் உள்ள எட்டையும் கணக்குப் போட்டு வருவது. எங்காவது ஓர் எண்ணைத் தப்பாக அடித்தால் கணக்கு உதைக்கும். அதனால்தான் ரசீது எண்ணைப் புகார் மனுவில் எழுதும்போது ஒவ்வொரு எண்ணாகப் பார்த்து எழுதச் சொல்லி எங்கள் சீனியர் வற்புறுத்துவார்.

கவருக்குப் பின்னால் ஒப்புகை அட்டையை வைத்துப் பின் அடிப்பது பல காலமாக இருந்த வழக்கம். எங்கள் பேச்சில் அது ஏ.டி. கார்டு. அட்டையின் ஒரு பக்கத்தில் அனுப்புகிறவர் தன் விலாசத்தை எழுதுவார், மறுபக்கத்தில் பெறுகிறவரின் பெயரும் விலாசமும் இருக்கும். வாசலில் தபால்காரர் கவரைக் கொடுத்து, அட்டையில் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்வார். பிறகு அந்த அட்டை தனியாகப் புறப்பட்டு அனுப்பியவரிடம் வந்து சேரும். வீடு பூட்டியிருந்தால் அறிவிப்புச் சீட்டு ஒன்றை விட்டுவிட்டுப் போவார். கவர் தபால் ஆபீஸில் வழக்கமாக 7 நாள் காத்திருக்கும். யாரும் போய் வாங்கவில்லை என்றால் காரணத்தை எழுதி அனுப்பியவருக்கே திருப்பிவிடுவார்கள். 'வாங்க மறுத்தார்', 'கதவு பூட்டு', 'அறிவிப்பு கொடுக்கப்பட்டது', 'விலாசதாரர் வெளியூர்', 'அப்படி யாரும் இல்லை', 'விலாசம் போதாது'. இப்படிக் கவர் மேல் இரண்டு மூன்று சொற்களில் எழுதியிருப்பதற்கு வழக்கில் பெரிய எடை உண்டு. அவற்றில் எது எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து வழக்கின் போக்கே மாறும்.

இதற்கெல்லாம் அடிப்படை, 1897-ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டத்தில் உள்ள 27-வது பிரிவு. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தான், ஆனால் இன்றும் தினம் ஏதாவது ஒரு கோர்ட்டில் அது எடுத்துப் பேசப்படுகிறது. ஒரு மத்தியச் சட்டம் ஒரு ஆவணத்தைத் தபாலில் சார்வு செய்யலாம், அதாவது உரியவரிடம் சேர்ப்பிக்கலாம் என்று சொன்னால், விலாசத்தைச் சரியாக எழுதி, கட்டணத்தை முன்கூட்டியே கட்டி, பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டால் போதும். சாதாரணமாக அந்தத் தபால் எப்போது போய்ச் சேருமோ, அப்போது அது சேர்ந்துவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். மாறாக யாராவது நிரூபிக்கும் வரை அதுவே நிற்கும். கையெழுத்து விழ வேண்டும் என்று அந்தப் பிரிவில் எங்கும் இல்லை. கேட்பவை விலாசம், கட்டணம், அனுப்பியது என்ற மூன்றுதான். மூன்றுமே அனுப்புகிறவர் செய்ய வேண்டியவை. அவர் தன் பங்கை ஒழுங்காகச் செய்துவிட்டால், 'எனக்கு வரவில்லை' என்று நிரூபிக்கும் சுமை வாங்க வேண்டியவர் தலையில் ஏறிவிடுகிறது.

சாட்சியச் சட்டமும் இதையே ஆதரிக்கிறது. ஓர் அலுவலகத்தில் வழக்கமாக நடக்கும் வேலை, குறிப்பிட்ட தடவையும் வழக்கம்போலவே நடந்திருக்கும் என்று கோர்ட் அனுமானிக்கலாம். பழைய சட்டத்தில் 114-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தில் அது 119-வது பிரிவு. உச்ச நீதிமன்றம் 1981-லேயே, பதிவுத் தபாலை வாங்க மறுத்தவருக்கு உள்ளே இருந்த விஷயம் தெரிந்ததாகவே கொள்ள வேண்டும் என்று ஒரு வாடகை வழக்கில் சொல்லியிருக்கிறது. 1996-இலும் அதற்குப் பிறகும் 'வீட்டில் இல்லை', 'வீடு பூட்டு', 'கடை மூடியிருந்தது', 'ஊரில் இல்லை' என்று கவர் திரும்பி வந்தாலும் முறையாகச் சார்வு ஆனதாகவே அனுமானிக்கலாம் என்று சொன்னது. "வெளியூர் போயிட்டேன்னு சொல்லிடுங்க" என்று தபால்காரரிடம் கெஞ்சுகிறவர்கள் இந்தத் தீர்ப்புகளைத் தெரிந்துகொள்வது நல்லது. அவர் அப்படியே எழுதிவிட்டுப் போனாலும் பெரும்பாலும் பலன் ஒன்றுதான்.

செக் வழக்கில்தான் இது மனிதர்களை அதிகமாகக் காயப்படுத்துகிறது. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவின்படி, பணம் இல்லாமல் செக் திரும்பியதாலேயே குற்றம் முழுமையாகிவிடுவதில்லை. செக் திரும்பிய தகவல் பேங்கிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள், பணத்தைக் கேட்டு எழுத்து மூலமாக நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் செக் கொடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டால் வழக்கே கிடையாது. கட்டவில்லை என்றால்தான் குற்றம் முழுமையாகும். அதன் பிறகு ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் கொடுக்க வேண்டும்.

தேதி போட்டுப் பார்ப்போம். ஜூன் 3-ஆம் தேதி பேங்கிலிருந்து, செக் திரும்பியதைச் சொல்லும் ரிட்டர்ன் மெமோ வருகிறது. தகவல் கிடைத்த நாளைக் கணக்கில் விட்டுவிட்டால், ஜூலை 3-க்குள் நோட்டீஸ் புறப்பட்டிருக்க வேண்டும். ஜூலை 8-ஆம் தேதி கவர் போய்ச் சேருகிறது. ஜூலை 9 முதல் எண்ணினால் ஜூலை 23 வரை பணம் கட்ட அவகாசம். அந்த 15 நாளும் செக் கொடுத்தவருக்குச் சட்டம் தருகிற காலம். வீட்டில் நகை இருக்கலாம், வர வேண்டிய பாக்கி இருக்கலாம், அண்ணன் தம்பியிடம் கேட்கலாம், எதிராளியிடம் போய்ப் பேசித் தவணை கேட்கலாம். இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும் என்று இருக்கும் ஒரு குற்றத்திலிருந்து விலகி நிற்க வழி விட்டிருக்கிறார்கள். ஜூலை 8-ஆம் தேதி கவரை வாங்க மறுத்தவருக்கும் 15 நாள் ஓடத்தான் செய்கிறது. வாங்கியவருக்குக் கடைசி நாள் எது என்று தெரியும், மறுத்தவருக்குத் தெரியாது. வித்தியாசம் அது ஒன்றுதான்.

நிஜமாகவே நோட்டீஸ் கிடைக்காதவர்கள் இருக்க மாட்டார்களா? இருப்பார்கள். அதற்கும் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2007-இல் வழி சொல்லியிருக்கிறது. நோட்டீஸ் வரவில்லை என்று சொல்கிறவர், கோர்ட் சம்மனும் புகாரின் நகலும் கையில் கிடைத்த 15 நாளுக்குள் செக் தொகையைக் கட்டிவிட்டு, வழக்கைத் தள்ளுபடி செய்யும்படி கேட்கலாம். அதைக்கூடச் செய்யாமல், நோட்டீஸ் சரியாக வரவில்லை என்று மட்டும் வாதாடிக்கொண்டிருக்க முடியாது. எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு இது. ஏமாந்தவனுக்கும் நியாயம் கிடைக்கிறது, நாணயமானவனுக்கும் கதவு திறந்திருக்கிறது. சம்மன் வந்த அன்றே வக்கீலைப் பார்க்க வருகிறவர்களுக்கு இந்தத் தீர்ப்பு கை கொடுக்கும். வாய்தா நாள் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சம்மனை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிடுகிறவர்களுக்கு அந்த 15 நாளும் கழிந்துபோகும்.

அனுப்புகிற பக்கத்திலும் கவனக்குறைவுக்கு இடமில்லை. 27-வது பிரிவின் முழு பலமும் 'சரியான விலாசம்' என்பதில்தான் இருக்கிறது. விலாசம் தப்பு என்றால் அனுமானம் அங்கேயே முடிந்தது. சென்னையில் பல தெருக்களில் பழைய எண், புதிய எண் என்று ஒரே வீட்டுக்கு இரண்டு கதவு எண்கள். பழைய எண் 14 என்பது ஒரு வீடு, புதிய எண் 14 என்பது நாலு வீடு தள்ளி இன்னொரு வீடு. இரண்டையும் எழுதாமல் வெறும் '14' என்று எழுதிய கவர் 'அப்படி யாரும் இல்லை' என்று திரும்பி வந்தால், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அதைவிட நல்ல ஆயுதம் வேண்டியதில்லை. அடுக்குமாடி என்றால் பிளாக், மாடி, ஃபிளாட் எண் எல்லாம் வேண்டும். கிராமம் என்றால் தெருப் பெயரும், அஞ்சல் ஊரும், வட்டமும், அப்பா பெயரும் வேண்டும். ஒரே தெருவில் ஒரே பேரில் மூன்று பேர் இருக்கும் ஊர்கள் நம்முடையவை. பின்கோடு முறை 1972 ஆகஸ்ட் 15 முதல் இருக்கிறது, இன்னும் அதைக் குத்துமதிப்பாக எழுதுகிறவர்கள் உண்டு. ஆறு எண்ணில் ஒன்று மாறினால் கவர் வேறு ஊருக்குப் போய்ச் சுற்றிவிட்டு வரும். அதற்குள் 30 நாள் கெடு முடிந்திருக்கும்.

எங்கள் ஆபீஸில், எதிர்த்தரப்பே கையெழுத்துப் போட்ட ஆவணத்தில் இருக்கும் விலாசத்தைத்தான் முதலில் எடுப்போம். அது வாடகை ஒப்பந்தமாக இருக்கலாம், கடன் பத்திரமாகவோ கிரய ஒப்பந்தமாகவோ இருக்கலாம். 'இது என் விலாசம் இல்லை' என்று பிறகு அவர் சொல்ல முடியாது. வீடு மாறியிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் இரண்டு விலாசத்துக்கும் தனித்தனிக் கவர் போகும். கடை வைத்திருப்பவர் என்றால் கடைக்கும் ஒன்று. கம்பெனி கொடுத்த செக் என்றால் கம்பெனி பெயரில், பதிவு அலுவலக விலாசத்துக்கு ஒன்று கட்டாயம். கூடுதல் கவருக்கு ஆகும் செலவைப் பார்த்துத் தயங்குகிற கட்சிக்காரரிடம், வழக்கு நின்று போனால் ஆகும் செலவை எடுத்துச் சொன்னால் உடனே சரி என்றுவிடுவார்.

கவுண்டரில் தருகிற ரசீதை வாங்கிப் பையில் திணிப்பதற்கு முன்னால் அங்கேயே ஒரு தடவை படித்துப் பாருங்கள். அதில் பெறுபவர் பெயர், ஊர், பின்கோடு, எடை, கட்டணம், தேதி, நேரம் இருக்கும். முழு விலாசம் இருக்காது. முழு விலாசத்துக்குச் சான்று, திரும்பி வரும் ஒப்புகையும் கவரின் நகலும்தான். அதனால் ஒட்டிய கவரின் முன்பக்கத்தைக் கவுண்டருக்குப் போகும் முன்பே போட்டோ எடுத்து வைப்பது நல்ல பழக்கம். ரசீது அச்சு வெயில் பட்டால் மங்கிவிடும். வாங்கின அன்றே ஜெராக்ஸ் போட்டு நோட்டீஸின் ஆபீஸ் நகலோடு சேர்த்துக் கட்டிவிடுவோம்.

எடையைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பதிவுத் தபாலுக்கு உள்ள குறை, கவர் போய்ச் சேர்ந்ததை மட்டுமே அது காட்டும், உள்ளே என்ன இருந்தது என்பதைக் காட்டாது. 'எனக்கு வந்த கவர்ல வெத்துக் காகிதம்தான் இருந்தது' என்று வாதாடுகிறவர்கள் உண்டு. வழக்கமாக எடுபடாத வாதம்தான். அப்படி வந்திருந்தால் உடனே அனுப்பியவருக்கு எழுதிக் கேட்டிருக்கலாமே என்று கோர்ட் கேட்கும். ஆனாலும் ரசீதில் உள்ள எடை இங்கே நமக்குத் துணை நிற்கும். 80 ஜி.எஸ்.எம். ஏ4 தாள் ஒன்று கிட்டத்தட்ட 5 கிராம். நாலு பக்க நோட்டீஸைத் தனித்தனித் தாளில் எடுத்தால் 20 கிராம், அதோடு கவரும் அட்டையும். ரசீதில் 30 கிராம் அளவில் எடை இருந்தால் கணக்கு ஒத்துப்போகிறது. 10 கிராம் என்று இருந்தால் நாலு தாள் உள்ளே போயிருக்க வழியில்லை. இதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைக்காதீர்கள், குறுக்கு விசாரணையில் நல்ல வக்கீல் இதையும் கேட்பார்.

கவர் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாலும் உள்ளே இருக்கும் எழுத்து தப்பாக இருந்தால் எல்லாம் வீண். 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில், செக் 1 கோடி ரூபாய்க்கு, நோட்டீஸில் கேட்டது 2 கோடி. தட்டச்சுப் பிழை என்று சொல்லிப் பார்த்தார்கள். செக் நோட்டீஸில் செக் தொகையைத்தான் அப்படியே கேட்க வேண்டும், தப்பாக இருந்தால் நோட்டீஸே செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதிலிருந்து எங்கள் ஆபீஸில் தொகையை எண்ணிலும் எழுத்திலும் இரண்டு பேர் செக்கோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் கவர் ஒட்டுகிறோம்.

கடன் நோட்டீஸைப் பற்றிச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கித் தவணை நின்றுபோனால், பேங்க் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 13(2) நோட்டீஸ் அனுப்பும். 60 நாளுக்குள் முழு பாக்கியையும் கட்டச் சொல்லும் நோட்டீஸ் அது. பிள்ளை தொழிலுக்கு வாங்கிய கடனுக்குத் தன் வீட்டை ஜாமீன் வைத்த அம்மாக்கள் பெயருக்கும் இந்தக் கவர் வருகிறது. "அம்மா, அதுல கையெழுத்துப் போட்டுடாத, வீட்டை எழுதி வாங்கிடுவாங்க" என்று பிள்ளை போனில் சொல்லுவான். அம்மாவும் பயந்துபோய்க் கதவைச் சாத்திவிடுவார். அந்த 60 நாளில் அவருக்கு ஆட்சேபம் எழுதும் உரிமை இருக்கிறது. கணக்கில் தப்பு இருந்தால், கட்டிய தவணை வரவு வைக்கப்படாமல் இருந்தால், எழுத்தில் சொல்லலாம். ஆட்சேபம் கிடைத்த 15 நாளுக்குள், அதை ஏற்கவில்லை என்றால் காரணத்தோடு பேங்க் பதில் சொல்லியாக வேண்டும். கதவைச் சாத்தினால் இந்த உரிமை பயன்படாமல் போகும், நோட்டீஸோ நிற்காது. விதிகளின்படி வீட்டுக் கதவில் ஒட்டலாம், இரண்டு பத்திரிகைகளில் விளம்பரமும் போடலாம். இரண்டில் ஒன்று அந்த ஊர் மொழியில் வரும் பத்திரிகை. தபால்காரர் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்த விஷயம் அப்புறம் தெருவுக்கே தெரிந்துவிடும். இதைத் தவிர்க்க எத்தனை பேருக்கு எடுத்துச் சொன்னாலும் போதாது என்றே தோன்றுகிறது.

கோர்ட் சம்மனிலும் இதே கதைதான். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் பதிவுத் தபால், ஸ்பீட் போஸ்ட், கூரியர் மூலமாகவும் சம்மன் அனுப்பலாம். வாங்க மறுத்தார் என்று திரும்பினால் சார்வு ஆனதாகக் கோர்ட் அறிவித்துவிடும். சரியான விலாசத்துக்கு அனுப்பிய சம்மனின் ஒப்புகை அட்டை தொலைந்தே போனாலும், 30 நாளுக்குள் வந்து சேரவில்லை என்றாலும்கூட அப்படி அறிவிக்கலாம். அதன் பிறகு ஆஜராகாதவருக்கு, அவர் இல்லாமலே தருகிற எக்ஸ்பார்ட்டி தீர்ப்புதான். வாடகை வீட்டு நோட்டீஸ், அரசாங்கத்தின் மேல் வழக்குப் போடும் முன் கொடுக்க வேண்டிய இரண்டு மாத நோட்டீஸ் என்று இன்னும் எத்தனையோ உண்டு. ஒவ்வொன்றுக்கும் கெடு வேறு, அனுப்பும் முறையும் சற்று மாறும்.

2025-இல் நிலைமை மாறியிருப்பதையும் எழுதியாக வேண்டும். உள்நாட்டுப் பதிவுத் தபால் இப்போது தனிச் சேவையாக இல்லை. அதை 1986-இல் தொடங்கிய ஸ்பீட் போஸ்டோடு இணைத்துவிட்டார்கள். அந்தச் செய்தி வந்தபோது பதிவுத் தபாலே ஒழிந்தது என்று பலர் வருத்தப்பட்டு எழுதினார்கள். எனக்கும் வருத்தம்தான், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கையில் புழங்கிய பேர் அது. ஆனால் பதிவு என்ற ஏற்பாடு போய்விடவில்லை. ஸ்பீட் போஸ்டில் அனுப்பும்போது, ஒரு தபாலுக்கு 5 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் கூடுதலாகக் கட்டிப் 'பதிவு' கேட்கலாம். கேட்டால் விலாசதாரரிடமோ அவர் அதிகாரம் கொடுத்தவரிடமோதான் கவரைக் கொடுப்பார்கள். கேட்காவிட்டால் அந்த விலாசத்தில் இருக்கும் யாரிடமும் கொடுத்துவிட்டுப் போகலாம். 27-வது பிரிவில் 'பதிவுத் தபால்' என்ற சொல் இன்றும் அப்படியே நிற்கிறது. சட்ட நோட்டீஸ் அனுப்புகிறவர் இந்த 5 ரூபாயை மிச்சம் பிடிக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. கவுண்டரில் வாய்விட்டுக் கேளுங்கள், பதிவுக் கட்டணம் ரசீதில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், டெலிவரிக்கான சான்றையும் சேர்த்துக் கேளுங்கள். கவர் மேலும் நோட்டீஸ் தலைப்பிலும் பதிவுடன் கூடிய ஸ்பீட் போஸ்ட் என்று எழுதிவிடுங்கள். ஓ.டி.பி. கேட்டுக் கொடுக்கும் வசதியும் இருக்கிறது. ஆனால் நோட்டீஸுக்கு அது எனக்குச் சரியாகப் படவில்லை. தபாலைத் தவிர்க்க நினைக்கிறவர் ஓ.டி.பி.யை மட்டும் ஏன் சொல்லப் போகிறார்?

தபால் போன பிறகு இணையத்தில் டிராக்கிங் பார்த்து, டெலிவரி ஆன பக்கத்தை உடனே அச்செடுத்துவிட வேண்டும். அந்தத் தகவல் எப்போதும் அங்கேயே இருக்காது. கோர்ட்டில் அந்த அச்சைக் காட்டும்போது, மின்னணுப் பதிவுக்குரிய சான்றிதழ் ஒன்றைப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி இணைக்க வேண்டியிருக்கும். ஒப்புகை திரும்பி வரவில்லை என்றால் தாமதிக்காமல் தபால் ஆபீஸில் எழுதிக் கொடுத்து, எந்தத் தேதியில் யாரிடம் கொடுத்தார்கள் என்று எழுத்தில் பதில் வாங்கலாம். வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் நோட்டீஸ் அனுப்புவது இப்போது பெருகியிருக்கிறது. கூடுதலாக அதையும் அனுப்புங்கள், நல்லதுதான். தபாலை விட்டுவிட்டு அதை மட்டும் நம்புவது சரியில்லை. 27-வது பிரிவு தருகிற அனுமானம் பதிவுத் தபாலுக்குத்தான்.

அனுமானம் என்பதை உடைக்கவும் முடியும். தபால் வந்ததாகச் சொல்லும் நாளில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர் டிஸ்சார்ஜ் சம்மரி காட்டலாம், வெளிநாட்டில் இருந்தவர் பாஸ்போர்ட் முத்திரை காட்டலாம், ஒரு வருஷம் முன்னாலேயே வீடு மாறியவர் புதிய வீட்டின் வாடகை ஒப்பந்தமும் கேஸ் பில்லும் காட்டலாம். ஏ.டி. கார்டில் இருப்பது என் கையெழுத்தே இல்லை என்று சொல்கிறவர் தன் உண்மையான கையெழுத்துள்ள ஆவணங்களைக் கொண்டுவரலாம். இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் 'மாறாக நிரூபிக்கும் வரை' என்று சட்டம் இடம் விட்டிருக்கிறது. அந்த இடத்தில், கவரைக் கண்டதும் கதவைச் சாத்தியவர் போய் நிற்க முடியாது.

சரி, கவர் வாசலுக்கு வந்துவிட்டது. என்ன செய்வது? கையெழுத்தோடு அன்றைய தேதியையும் நீங்களே எழுதுங்கள், முடிந்தால் நேரத்தையும். கவரைக் கிழிக்காமல் ஓரமாக வெட்டிப் பிரியுங்கள். உள்ளே எத்தனை தாள், ஏதாவது நகல் இணைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். 'இணைப்பு' என்று எழுதிவிட்டு எதையும் இணைக்காமல் அனுப்பியிருந்தால் அன்றே குறித்துக்கொள்ளுங்கள். வெறும் கவரைத் தூக்கிப் போடாதீர்கள். அதன் மேல் உள்ள தபால் முத்திரை, எப்போது புறப்பட்டது, எப்போது உங்கள் ஊருக்கு வந்தது என்று காட்டும். செக் வழக்கில் 30 நாளைத் தாண்டி நோட்டீஸ் அனுப்பியிருந்தால் அந்த முத்திரை உங்கள் பக்கம் பேசும். எதிராளிக்குப் போன் போட்டுக் கோபத்தில் எதையும் சொல்லிவிட வேண்டாம், இப்போதெல்லாம் எல்லாம் ரெக்கார்டு ஆகிறது. நோட்டீஸில் சொன்ன கெடுவுக்குள், முடிந்தால் முதல் இரண்டு மூன்று நாளிலேயே, வக்கீலைப் பாருங்கள். போகும்போது நோட்டீஸோடு கவரையும் எடுத்துப் போங்கள். பதில் நோட்டீஸ் கொடுப்பது எல்லாச் சமயத்திலும் கட்டாயம் இல்லை. ஆனால் உங்களிடம் பதில் இருந்தால், முதல் வாய்ப்பிலேயே அதை எழுத்தில் பதிந்துவிடுவதுதான் பலம். 'இதை ஏன் அப்போதே சொல்லவில்லை?' என்ற கேள்வி பிறகு வராது. அந்தப் பதிலையும் பதிவு கேட்டே அனுப்புங்கள், ரசீதில் பின்கோடு சரியாக விழுந்திருக்கிறதா என்று கவுண்டரை விட்டு நகரும் முன் பார்த்துவிடுங்கள்.